செருப்பைக் கழற்றச் சொல்

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் பேசியதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். "அஞ்சரை வருஷம் படிச்சது மாத்திரை எழுதிக் கொடுக்கவாம்மா?" என்று கேட்டாயே, அதற்குப் போனில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இன்று கிளினிக் விடுமுறை. அதனால் எழுதுகிறேன்.

உன் சுகர், பிரஷர் ஓ.பி.யில் வரிசையில் நிற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அன்றைக்கு எந்த வலியும் இல்லை. காய்ச்சலோடு வந்தவர் மூன்றாம் நாள் எழுந்து நடப்பதை நீ கண்ணால் பார்க்கலாம். பிரஷர்காரருக்கு நீ செய்கிற நல்லது, பத்து வருஷம் கழித்து அவருக்கு வராமலே போகிற பக்கவாதம். வராத ஒன்றை யார் பார்ப்பது? உன் அலுப்பு அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். எனக்கும் வந்திருக்கிறது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பவானியில் கிளினிக் தொடங்கிய புதிதில் ஒரு ஜமக்காளத் தறிக்காரர் வருவார். மாதம் தவறமாட்டார். ஒவ்வொரு தடவையும் லேப் சீட்டை நீட்டுவார். வெறும் வயிற்றில் 130, 140 என்று இருக்கும். எனக்குப் பெருமையாக இருக்கும், அதே மாத்திரையை எழுதி அனுப்பிவிடுவேன். ஒரு நாள் கூட வந்த அவர் மனைவி, "கால்ல என்னமோ நாத்தம் வருதுங்க டாக்டரம்மா" என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குழி. குழித்தறியில் மிதியை மிதித்து மிதித்து அங்கே தோல் காய்த்து, அதற்கு அடியில் புண்ணாகி, எலும்புவரை போயிருந்தது. நடையில் ஒரு தாங்கல் கூட இல்லை, ஏனென்றால் அவருக்கு வலிக்கவே இல்லை. "மரத்துப் போயி ரெண்டு வருஷம் இருக்குமுங்க, நீங்க கேக்கலைன்னு சொல்லலீங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். முன்பாதத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கப்புறம் அவர் தறியில் உட்காரவில்லை.

நான் சீட்டைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

நூறு பேர் வரிசையில் எல்லார் காலையும் பார்க்க முடியாது, தெரியும். தினம் ஐந்து பேர் பார். வருஷத்துக்கு ஆயிரம் பேரைத் தாண்டிவிடும். விரல் இடுக்கைப் பார், உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கிற நைலான் இழையை, அந்த மோனோஃபிலமென்ட்டை, கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் வைத்துப் பார். மரத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டவரை மட்டும் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். அவர்கள் நோட்டில் சிவப்பு மையில் 'கால்' என்று எழுதிவிடு.

அப்புறம், நீ சத்தம் போட்டதாகச் சொன்னாயே, மாத்திரையை நிறுத்திவிட்ட அந்தப் பெரியவர். அவர் திரும்பி வந்தால் "மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்காதே. "சாப்பிடறேனுங்க" என்றுதான் பதில் வரும். "எப்படிச் சாப்பிடறீங்க, காலையில இருந்து சொல்லுங்க" என்று கேள். காட்டு வேலைக்குப் போகிறவர் என்றாய். கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டுப் பதினோரு மணி வரைக்கும் வெறும் வயிற்றோடு நின்றால் சுகர் ரொம்ப இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, கண்ணை இருட்டும். ஒரு தடவை அப்படி ஆனவர் மறுபடி அந்த மாத்திரையைத் தொடவே பயப்படுவார். அது பிடிவாதம் இல்லை கண்ணு. அவர் சாப்பிடுகிற நேரத்துக்கு நாம் கொடுத்த மாத்திரை பொருந்தவில்லை. இன்னொருவருக்கு மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையால் வயிற்றுப்போக்கு இருக்கும், உன்னிடம் சொல்லக் கூச்சப்படுவார். சாப்பாட்டோடு சேர்த்து, குறைந்த அளவில் தொடங்கினால் பலருக்குச் சரியாகிவிடும். திட்டு வாங்கினவர் அடுத்த மாதம் வரமாட்டார். இந்த நோய்களில் ஆள் திரும்பி வந்தால்தான் வைத்தியமே இருக்கிறது.

டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து நல்ல நம்பரோடு வருகிற பாட்டிகளும் இருப்பார்கள். ஹெச்பிஏ1சி என்கிற ரத்தப் பரிசோதனை மூன்று மாதச் சுகரின் கதையைச் சொல்லிவிடும். அதைக் காட்டிக் குற்றவாளி மாதிரி நிறுத்தாதே, பக்கத்தில் உட்காரவைத்துப் பேசு.

சாப்பாட்டு விஷயத்தில் அச்சடித்த தாளை நீட்டாதே. கிருஷ்ணகிரியில் மாந்தோப்புக்குள் குடியிருக்கிறவரிடம் மாம்பழமே தொடாதே என்றால் உனக்குத் தெரியாமல் சாப்பிடுவார். இரண்டு கீற்று, அதுவும் சாப்பாட்டுக்கு மேல் வேண்டாம் என்று பேசி முடி. ராகிக் களி சுகரை ஏற்றாது என்று அங்கே நம்புவார்கள். உருண்டை எவ்வளவு பெரிது என்று கையால் காட்டச் சொல், உனக்கே புரிந்துவிடும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் உன் மாவட்டத்தில்தான் தொடங்கியது. வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகிற அந்தப் பெண்களைக் கூப்பிட்டு டீ கொடுத்துப் பேசு. எந்த வீட்டில் போன மாதத்து அட்டை பிரிக்காமல் கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு டாக்டர் இருந்தார். எதற்காக வந்தவராக இருந்தாலும், வராமலே இருந்தவராக இருந்தாலும், ஊரில் எல்லாருக்கும் பிரஷர் பார்த்தார். நல்ல வைத்தியம் அது அதிகம் தேவைப்படுகிற இடத்தில்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் எழுதியவரும் அவர்தான். உன் ஓ.பி.யில் மாமியாரைக் கூட்டிவருகிற மருமகள் சுவரோரம் நிற்பாள். அவளுக்கும் பிரஷர் பார். கர்ப்பமாக இருந்தபோது சுகர் இருந்ததா என்று கேள். இருந்த பெண்கள் குழந்தை பிறந்ததும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள், அவர்களில் பலர் பல வருஷம் கழித்து முழுச் சுகரோடு வருகிறார்கள். அவர்கள் பெயர் உங்கள் பிரசவ ரிஜிஸ்டரிலேயே இருக்கிறது. நர்சம்மாவோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் எடு. புகையிலை பழக்கம் பெண்களிடமும் கேள், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அங்கே வருகிறார். காலில் அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கிற என் பழைய ட்யூனிங் ஃபோர்க்கை அவர் பையில் வைத்திருக்கிறேன், 128 ஹெர்ட்ஸ். தறிக்காரர் விஷயத்துக்கு அப்புறம் வாங்கியது. அப்பாவுக்குப் பிரஷர் பார்த்துவிடு. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த வேகத்தில் பார்க்காதே. காபி கொடுப்பதற்கு முன்னால், ஐந்து நிமிஷம் பேசாமல் சாய்ந்து உட்காரவைத்து, சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுப் பார். காலையும்தான்.

அம்மா