ஃபேஸ்லிஃப்ட் அழகு நிலைய வேலையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், கன்னத் தொய்வையும் கழுத்துச் சதையையும் 'ஒரே நாளில்' சரிசெய்து தருவதாகக் கூறும் ஃபேஸ்லிஃப்ட் விளம்பரங்கள் அண்மைக்காலமாக அடிக்கடி வருகின்றன. அறுவை அரங்கில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையிலும், இச்சிகிச்சையைச் செய்துகொண்ட ஒருவரின் தங்கை என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

காதின் முன்புறம் தொடங்கி, மடலைச் சுற்றிப் பின்தலை முடிக்குள் போகும்படி கீறி, கன்னத்துத் தோலைப் பிரித்தெடுத்துச் செய்யும் அறுவை இது. தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் விரைவில் மறுபடி தளர்ந்துவிடும் என்பதால், அதன் அடியில் தசையோடு ஒட்டியிருக்கும் படலத்தையும் தூக்கித் தைப்பது 1970களுக்குப் பிறகு வழக்கமாயிற்று. முகத்தசைகளை இயக்கும் நரம்பின் கிளைகள் அந்தப் படலத்துக்குக் கீழேதான் ஓடுகின்றன. அவை அடிபட்டு வாய் கோணிப்போவது அரிது, பெரும்பாலும் தானாகவே சரியாகியும் விடும் என்றாலும், அந்த ஆழம் தெரிந்த கை வேண்டும். அறுவை மருத்துவ மேற்படிப்பான எம்.எஸ். முடித்தவர்கள் மேலும் 3 ஆண்டுகள் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி என்ற உயர் சிறப்புப் படிப்பைப் படிப்பது இதற்காகவும்தான். நான் பார்த்த விளம்பரங்கள் சிலவற்றில் மருத்துவரின் பெயர்கூட இல்லை.

அறுபது வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவரவர் முகம், அவரவர் விருப்பம். என் அக்கா பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர். அறுவை முடிந்த அன்றிரவு அவருடைய இடது கன்னம் மட்டும் இறுகி வீங்கி, வலி ஏறிக்கொண்டே போனது. தோலுக்கடியில் ரத்தம் கட்டிக்கொள்வதுதான் இந்த அறுவையில் அதிகம் நேரும் சிக்கல். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நேரும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அபாயம் கூடுதல். உடனே கவனிக்காவிட்டால் மேலே இருக்கும் தோல் கருகிவிடும். அறுவை செய்த நிலையத்தில் இரவில் மருத்துவரே இல்லை. வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், தையலைப் பிரித்து ரத்தக்கட்டியை எடுத்த பிறகே எங்களுக்கு மூச்சு வந்தது.

இன்று அவர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் காது மடல் மரத்துப்போய், தோட்டின் திருகு மாட்டியதா இல்லையா என்பதைப் பல மாதங்கள் கண்ணாடியைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அறுவைக்கு முன் இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. புகைபிடிப்பவர்களுக்குத் தையலோரத் தோல் ஆறாமல் போகக்கூடும் என்பதும் எந்த விளம்பரத்திலும் இல்லை. அழகுக்கான சிகிச்சை என்பதால் மருத்துவத்துக்குரிய ஜிஎஸ்டி விலக்கும் கிடையாது, காப்பீடும் கைகொடுப்பதில்லை.

ஆகவே, இத்தகைய விளம்பரங்களை ஏற்கும் முன், அறுவை செய்பவரின் பெயர், பட்டம், பதிவு எண் ஆகியவற்றையும், இரவில் மருத்துவர் தங்குவாரா என்பதையும் தங்கள் விளம்பரப் பிரிவினர் கேட்டு வாங்கி, அவற்றையும் சேர்த்து அச்சிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்.