சளி டெஸ்ட் நெகட்டிவ் என்று இருந்துவிடாதே

பாலக்கோடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பா வளர்க்கும் பட்டுப்புழு கடைசிப் பருவத்தில் இருக்கிறது, மல்பெரி இலை வெட்டிப் போட்டு மாளவில்லை. கூடு நல்லபடியாக வந்தால் அடுத்த வாரம் தர்மபுரி மார்க்கெட்டுக்குப் போவார்.

நேற்று போனில் பேசினபோது பேச்சுக்குப் பேச்சு கனைத்துக்கொண்டே இருந்தாய். கேட்டால் ஆபீஸ் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாய். பொங்கலுக்கு வந்தபோது இருந்த அதே இருமல், மாங்காய் சீசன் வந்த பிறகும் போகவில்லை என்றால் அதற்கு ஏசியைக் குற்றம் சொல்ல முடியாது கண்ணு. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன் என்று சிரித்தாயே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. சளி டெஸ்டில் டி.பி. நெகட்டிவ், அதனால் ஒன்றுமில்லை என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

ரிடையர் ஆகும்வரை ஆரம்ப சுகாதார நிலையத்து லேபில் சளி பார்த்தவள் நான். நீல நிறப் பரப்பில் சிவப்புக் குச்சியாகக் கிருமி தெரிந்தால் பாசிட்டிவ், தெரியாவிட்டால் நெகட்டிவ் என்று சீட்டில் எழுதுவோம். இந்தச் சளியில் டி.பி. கிருமி தென்படவில்லை, அந்தச் சீட்டுக்கு அவ்வளவுதான் அர்த்தம். நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று அது சொல்லவில்லை. நீ எடுத்த சிபிநாட் டெஸ்ட்டும் டி.பி. கிருமியின் மரபணுவை மட்டும்தான் தேடும். உன்னை மாதிரி டி.பி. மருந்து கோர்ஸ் முடித்தவர்களுக்குச் செத்துப்போன கிருமியின் மிச்சத்தைப் பார்த்துவிட்டு பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. ஆக, எந்தப் பக்கம் வந்தாலும் அந்த ஒரு தாளை மட்டும் நம்பி உட்கார முடியாது.

ஆறு மாதக் கோர்ஸை ஒரு நாள் விடாமல் முடித்தாய், டி.பி. போனது, சந்தோஷம். ஆனால் கடைசி எக்ஸ்ரேயில் இடது பக்கம் மேலே ஒரு குழி இருந்தது ஞாபகம் இருக்கிறதா? கிருமி போனாலும் அது அரித்த இடம் பலருக்கு அப்படியே நின்றுவிடும். அந்தக் குழியில்தான் பூஞ்சை வந்து குடியேறும். பெரும்பாலும் ஆஸ்பர்ஜிலஸ் என்ற இனம். அது இல்லாத இடமே கிடையாது. எருக்குழி, நனைந்த வைக்கோல், நம் புழு மனைக் கழிவு, ஈரம் ஊறிய சுவர் என்று எங்கும் இருக்கும். அதன் வித்து இரண்டு மூன்று மைக்ரான்தான், கண்ணுக்கே தெரியாது, தினமும் நாம் எல்லோரும் மூச்சோடு இழுக்கிறோம். நல்ல நுரையீரல் அதை ஒழித்துவிடும். குழி விழுந்த நுரையீரலுக்கு, அந்த இடத்தில் மட்டும் அது கைகூடுவதில்லை.

காவேரிப்பட்டணம் பெரிய மாமாவுக்கு நடந்தது இதுதான். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், உனக்கு முழுதாகத் தெரியாது. டி.பி. குணமாகிப் பல வருஷம் கழித்து இருமல் ஆரம்பித்தது. காய்ச்சல் இல்லை, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போனார். மாங்காய் மண்டியில் கூடை தூக்கியவர், திண்ணை ஏறினாலே மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவார். டவுனில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, சளி நெகட்டிவாக இருந்தும் மறுபடி டி.பி. மாத்திரையே கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்ததே தவிர எடை ஏறவில்லை. ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது இருமலோடு ரத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் சேலத்துக்குக் கூட்டிப்போய் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். குழிக்குள் ஓர் உருண்டை, அதன் மேல் விளிம்பில் பிறை மாதிரி காற்று. மாமாவைக் குப்புறப் படுக்க வைத்து மறுபடி எடுத்தார்கள், உருண்டை இடம் மாறிக் கீழே சரிந்திருந்தது. பூஞ்சை இழையும் சளியும் சேர்ந்து திரண்ட பந்து அது. சதையோடு வளர்ந்த கட்டியாக இருந்தால் அப்படி நகராது என்று அந்த டாக்டர் கம்ப்யூட்டரில் காட்டி விளக்கினார். இத்தனை வருஷம் லேபில் இருந்த எனக்கே அது புதிதாக இருந்தது.

உனக்குக் குழி இருந்ததா, மூன்று மாதத்துக்கு மேல் இருமலா, எடை குறைகிறதா, சாயங்காலமானால் அசதியா? இந்த நான்கும் சேர்ந்தாலே பூஞ்சையைப் பற்றிக் கேட்டாக வேண்டும். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதே. இந்த வகையில் காய்ச்சல் வராமலும் இருக்கும், வந்தாலும் லேசாகத்தான் இருக்கும். சளியில் ரத்தக் கோடு தெரிந்தால் எனக்கு மறைக்காதே. கோடாக வந்தால் மறுநாளே டாக்டரிடம் போ. கரண்டிக் கணக்கில் வந்தால் ராத்திரியானாலும் எமர்ஜென்சிக்கு ஓடு.

இந்தப் பூஞ்சை நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. டி.பி. சமயத்தில் உன் ரூமில் இருந்தவர்கள் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைத்தார்களே, அந்தக் கூத்துக்கு இதில் வேலை இல்லை.

எல்லோருக்கும் பூஞ்சை ஒரே மாதிரி வராது. நம் அத்தைக்கு இருப்பதுபோல் வீசிங் உள்ளவர்களுக்கு அது அலர்ஜியாக வரும். இன்ஹேலர் எடுத்தும் இளைப்பு அடங்காது, பழுப்பு நிறத்தில் கெட்டியாகச் சளி வரும், ரத்தத்தில் அலர்ஜியைக் காட்டும் ஐஜிஇ அளவு எகிறும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், மாற்று உறுப்பு வைத்தவர்கள், ஸ்டீராய்டு நிறைய எடுப்பவர்கள் என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நாள்கணக்கிலேயே முற்றிவிடும். ஆன்டிபயாட்டிக் போட்டும் இறங்காத காய்ச்சலும் நெஞ்சு வலியும்தான் அங்கே அடையாளம். 2021 கோவிட் அலையில் சர்க்கரை வியாதிக்காரர்களைப் படுத்திய கருப்புப் பூஞ்சை வேறு இனம். முகத்திலும் கண்ணிலும் வந்ததைத்தான் பேப்பரில் போட்டார்கள், அது நுரையீரலையும் விடாது. உனக்குச் சுகர் இல்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடு.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம புழுவுக்கு வர்ற சுண்ணாம்புக் கட்டு மாதிரியா?" என்று கேட்டார். ஒரு வகையில் ஆமாம். புழு செத்து விறைத்து, மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடக்குமே, அதுவும் பூஞ்சைதான். இனம்தான் வேறு. 1835-ல் இத்தாலியில் அகஸ்டினோ பாஸி என்பவர் அந்தப் புழு நோய்க்குப் பூஞ்சையே காரணம் என்று நிரூபித்தார். டி.பி. கிருமியை ராபர்ட் காக் கண்டு சொன்னது 1882-ல். கண்ணுக்குத் தெரியாத உயிர் விலங்கு, பூச்சிகளுக்கு நோயைக் கொடுக்கும் என்பது பட்டுப்புழுவில்தான் முதலில் தெளிவானது என்றதும் அப்பாவுக்கு ஒரே பெருமை. அன்றைக்கு ஷெட்டுக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு தூவினார்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நுரையீரல் டாக்டரிடம் போ, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் நிற்காதே. "எனக்கு டி.பி. வந்து குழி இருக்கிறது, இது பூஞ்சையாக இருக்குமா?" என்று நீயாகவே வாய்விட்டுக் கேள். சி.டி. ஸ்கேனும், ஆஸ்பர்ஜிலஸ் ஐஜிஜி என்ற ரத்த டெஸ்ட்டும், சளியில் பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரும் எடுக்கலாமா என்று கேள். சளி காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்ததாக இருக்கட்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு நெகட்டிவ் வாங்கிப் போனவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

மெடிக்கல் ஷாப்பில் செட் மாத்திரை வாங்காதே. பொட்டலத்தில் ஒரு சின்ன மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கும். இரண்டு நாள் சுகமாகத் தெரியும், பூஞ்சைக்கு அது விருந்து. அலர்ஜி வகைக்கு டாக்டரே ஸ்டீராய்டு எழுதுவார், அது தனிக் கணக்கு.

பூஞ்சைதான் என்று உறுதியானால் பயப்படாதே, மருந்து இருக்கிறது. இட்ராகொனசோல் மாதிரி மாத்திரையைக் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டியிருக்கும். அந்தக் கேப்சூலைச் சாப்பாடு முடித்த உடனே போட வேண்டும். நீ காலையில் போடுகிறாயே கேஸ் மாத்திரை, அது வயிற்று அமிலத்தைக் குறைத்து இந்த மருந்து உடம்பில் சேராமல் செய்துவிடும், டாக்டரிடம் மறக்காமல் சொல். இடையிடையே கல்லீரலுக்கு ரத்தம் பார்ப்பார்கள், கால் வீங்கினால் சொல்ல வேண்டும். டி.பி.க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் பூஞ்சை மருந்தின் அளவை ரத்தத்தில் தரைமட்டமாக்கிவிடும். சந்தேகத்துக்கு இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. எது என்று முதலில் தீர்மானமாகட்டும். பெரிய மாமா மாத்திரையிலேயே தேறிவிட்டார், சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படும்.

உன் பழைய எக்ஸ்ரே இரண்டையும் பீரோவிலிருந்து எடுத்து அட்டை வைத்து நாளைக்குக் கூரியரில் அனுப்புகிறேன். அப்போதிருந்த குழியின் சுவர் இப்போது தடித்திருக்கிறதா, உள்ளே ஏதாவது புதிதாகத் தெரிகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு அவை வேண்டும். ரூமிலேயே வைத்துவிட்டுப் போகாதே. டாக்டரிடம் டோக்கன் எந்த நாளுக்குக் கிடைத்தது என்று சொல், நான் முந்தின ராத்திரி பஸ் ஏறி வந்துவிடுகிறேன். அப்பா புழுவைப் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
அம்மா