தண்ணியில் போடாதே, மகள்

அன்புள்ள மகளுக்கு,

சுகமா? நாங்கள் சுகம், அம்மாவுக்கு முழங்கால்தான். நீ கோல் எடுத்து ஏழு கிழமை ஆகிறது. வேலை கூட என்று அம்மா சொல்கிறா, நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

மேல் வீட்டுக் கிழவி முதியோர் இல்லத்துக்குப் போகும்போது தந்த சப்பாத்துப் பெட்டி ஞாபகம் இருக்கும். கடைசியாக இங்கே ஹம் நகரத்துக்கு வந்தபோது அதைக் கிளறி, இதெல்லாம் தபால் முத்திரையா என்று கேட்டாய். பாதி இல்லை. பல்லு வெட்டு, பசை, பெறுமதி எல்லாம் அதே மாதிரித்தான், ஆனால் 'போஸ்ட்' என்ற சொல்லே கிடையாது. 'ஷ்பார்மார்க்க' என்றால் சேமிப்பு முத்திரை, 'ரபாட்' என்றால் கடைக்காரன் கழிவுக்குக் கொடுத்தது, 'பைட்ராக்' என்றால் சந்தா. அந்தப் பழைய முறுக்கு எழுத்தில் எஸ் ஜி மாதிரியும் கே டி மாதிரியும் தெரிகிறது. பூதக்கண்ணாடியோடு இரண்டு நாள் 'மார்ட்ட' என்றே வாசித்துக்கொண்டிருந்தேன். நீ பள்ளிக்கூடத்தில் ஜெர்மனில் முதல் ஆள், பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை.

உனக்கு அங்கே சந்தையில் இப்படி முத்திரை கிடைத்தால், அது ஒட்டியிருக்கிற அட்டையோடு வாங்கு. தண்ணியில் போட்டுக் கழற்றாதே, கழற்றினால் வெறும் கடதாசிதான்.

ஒரு அட்டை மட்டும் வேறு. 1938இல் ஹிட்லரின் ஆட்கள் தொடங்கிய கார்ச் சேமிப்பு. கிழமைக்கு 5 ரைஹ்ஸ்மார்க், அதுதான் அந்தக் காலத்து ஜெர்மன் காசு, முத்திரை வாங்கி ஒட்ட வேண்டும், கார் விலை 990, வட்டி கிடையாது. 3 இலட்சத்துக்கு மேல் ஆட்கள் சேர்ந்தார்கள், ஒருவருக்கும் கார் வரவில்லை. சண்டை வந்ததும் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை இராணுவ வண்டி செய்யப் போனது, பெர்லின் வங்கியில் கிடந்த காசை ரஷ்யர் எடுத்தார்கள். வழக்குப் போட்டு இழுபட்டு 1961இல்தான் ஃபோக்ஸ்வாகன் புதுக் காரில் 600 மார்க் வரை கழிவு, இல்லாவிட்டால் 100 மார்க் காசு என்று முடித்தது. கிழவியின் தகப்பன் கடைசி முத்திரையைக் கொஞ்சம் சரிவாக ஒட்டியிருக்கிறார். பக்கத்துக் கட்டம் வெறுமை.

நீ அன்றைக்கு முத்திரையை மட்டும் கேட்கவில்லை. வீடு வாங்கப் போகிறேன், என்னுடைய ஷ்பார்புக், அந்த வங்கிச் சேமிப்புப் புத்தகம், எங்கே அப்பா என்றும் கேட்டாய். நான் கத்தினேன். சொந்தக் காலில் நின்று வீடு வாங்குகிற பிள்ளை என்று கோயிலில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன், உன்னிடம் கத்தினேன். தகப்பனிடம் கணக்குக் கேட்கிற குரலா அது என்று கோபமும் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அந்தப் புத்தகத்தில் 1997இலிருந்து ஒன்றும் இல்லை. 2,140 மார்க். சீட்டில் போட்டேன், சீட்டுப் பிடித்தவன் இரவோடு இரவாக லண்டனுக்கு ஓடிவிட்டான். ஒவ்வொரு ஒக்டோபர் கடைசியிலும் பன்றி உண்டியலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வங்கிக்கு வருவாய், அவர்கள் தருகிற பென்சிலுக்காக. காசு போன பிறகும் இரண்டு வருஷம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். நீ சில்லறையைக் கொட்டினாய், நான் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன். புத்தகத்தை உன் கையில் தரவே இல்லை.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவ உவென்ட்ரொப் கோயிலுக்குப் போவா. ஐந்து மணிக்குப் பிறகு நான் தனியத்தான் இருப்பேன். நேரத்துக்குச் சாப்பிடு. அட்டையைத் தண்ணியில் போடாதே.

அப்பா