சிவப்பு மை பட்ட பிரதி

அன்பு மகளுக்கு,

அமெரிக்காவில் மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்க என்று நேற்றிரவு நீ போனில் வாசித்த மூன்று பெயரையும் நினைத்துக்கொண்டே படுத்தேன், நித்திரை வரவில்லை. திரும்பவும் போனில் கதைத்தால் அப்பா இடையில் பூந்துவிடுவார். அதுதான் எழுதுகிறேன்.

பீடாதிபதி, முதலாம் வருடம் 200 பேருக்கு விரிவுரை எடுத்த பேராசிரியர், செய்முறை வகுப்பு பார்த்த சிரேஷ்ட விரிவுரையாளர். உன் ஆய்வை மேற்பார்வை செய்த சேரின் பெயரைக் காணவில்லை. கேட்டதற்கு, "அவர் என்னை ஏசிக்கொண்டே இருந்தவர் அம்மா" என்றாய்.

பிள்ளை, நான் 27 வருடம் இரசாயனம் படிப்பித்தவள். உயர்தரம் முடிந்தால் நற்சான்றிதழ் கேட்டு மேசையில் கட்டாக வந்து கிடக்கும். "ஒழுக்கமானவர், கடமையுணர்வு மிக்கவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்." பெயரை மட்டும் மாற்றுவேன். முகமே ஞாபகமில்லாத பிள்ளைக்கு வேறென்னத்தை எழுதுவது?

ஒரேயொரு பையனுக்கு மட்டும் பக்கம் நிறைய எழுதினேன். மூதூரிலிருந்து லோஞ்ச் படகில் வந்து படித்தவன். ஒருநாள் கரைசலைத் துளித்துளியாக விட்டு அளக்கும் நியமிப்புச் சோதனையில் அவனுடைய மூன்றாவது வாசிப்பு மற்ற இரண்டோடும் ஒத்துவரவில்லை. பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவன் கரைசல் விடும் கண்ணாடிக் குழாயான அளவியைக் கழற்றிக் கழுவி, திரும்ப நிரப்பி, துளித்துளியாக விடத் தொடங்கினான். "லோஞ்ச் போகப்போகுது, விட்டிட்டு ஓடு" என்று நான் கத்துகிறேன், அசையவில்லை. கடைசியில் பார்த்தால் அளவியின் திருகு ஒழுகியிருக்கிறது. அவனுக்குக் கடிதம் எழுத எனக்குப் பத்து நிமிடம்தான் எடுத்தது. அன்றைக்கும் அவனுக்கு என்னிடம் நல்ல ஏச்சுத்தான்.

உன் பீடாதிபதி உன்னைப் பற்றி எதை எழுதுவார்? பெறுபேற்றுத் தாளில் உள்ளதைத்தான். அது அமெரிக்காக்காரர் கையில் ஏற்கெனவே இருக்கும். அவர்களுக்குத் தெரிய வேண்டியது, ஆய்வுகூடத்தில் ஒன்று பிழைத்தால் இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்பது. அதைக் கண்ணால் கண்டவர் உன் சேர். இன்னொன்று, அவர் அங்கே கலாநிதிப் பட்டம் முடித்தவர். எங்கள் ஊர்ப் பாணியில் நாலு வரி நல்லதாக எழுதி அனுப்பினால், அங்கே அதை அக்கறையில்லாத கடிதமாக எடுத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

செய்முறை வகுப்புக்காரரை வைத்துக்கொள். மூன்றாவதுக்கு, இப்போது நீ யாருக்குக் கீழே உதவி விரிவுரையாளராக வேலை செய்கிறாயோ அவரைக் கேள். சின்னமாமா எம்.பி.யிடம் ஒன்று எடுத்துத் தரலாம் என்கிறார். கிராம சேவையாளர் சான்றிதழ் என்று நினைத்துவிட்டார் போல.

கேட்கும்போது "கடிதம் தருவீங்களா சேர்" என்று கேளாதே. ஆர்தான் மாட்டேன் என்பார்? "என்னைப் பற்றி விவரமாக, உறுதியாக எழுத ஏலுமா" என்று கேள். இழுத்தார் என்றால் நன்றி சொல்லிவிட்டு வா, அது அவர் உனக்குச் செய்த உதவி. "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்து வைக்கிறேன்" என்று சிலர் சொல்வார்கள். குறிப்பு எழுதிக் கொடு, கடிதம் எழுதிக் கொடாதே. மூன்று கடிதமும் ஒரே கை என்று வாசிக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். கடிதத்தைப் பிறகு பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வருமாம். விட்டுக்கொடு. நீ பார்க்கமாட்டாய் என்றால்தான் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு.

டிசம்பர் 1, 15 என்றுதானே முடிவுத் திகதிகள் சொன்னாய். இந்த மாதமே கேட்டுவிடு. கல்வி விடுப்பில் போகிறவர் யார் என்றும் விசாரி. கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு ஒவ்வொருவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கும் போகட்டும், ஜிமெயிலுக்கு வேண்டாம். முடிவுக்கு ஒரு கிழமைக்கு முன்னம் பணிவாக ஞாபகப்படுத்து.

இங்கே மழை பிடித்துவிட்டது. இரண்டு மான் எங்கள் மதிலோரம் ஒதுங்கி நிற்கின்றன, வாழையில் வாய் வைக்காமல் இருந்தால் சரி.

உன் ஆய்வறிக்கையின் முதல் பிரதி அலுமாரியில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் சேரின் சிவப்பு மை. 41ஆம் பக்கத்தில் "ஏன்?" என்று ஒரு சொல், அதற்காக நீ அழுதுகொண்டு அந்த அத்தியாயத்தையே திருப்பி எழுதினாய். அவரிடம் போகும்போது அதையும் கொண்டுபோ. வெள்ளிக்கிழமை கண்டி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், ஸ்டாண்டுக்கு வந்து எடு.

அம்மா