கேச் சர்வரும் தேர்வு முடிவு நாளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தின் வேகத்தை இயந்திரக் கற்றல் (பழைய தரவுகளிலிருந்து கணினி தானே கற்கும் முறை) எவ்வாறு கூட்டுகிறது என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை பயனுள்ளது. ஆனால், தேர்வு முடிவு நாளில் இணையதளங்கள் திணறுவதற்கும் இதுவே மருந்து என்று அது முடிவதை, சர்வர் பராமரிப்பில் இருப்பவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

பலரும் கேட்கும் படம், வீடியோ போன்றவற்றின் நகலைப் பயனருக்கு அருகிலேயே வைத்திருப்பது கேச் சர்வர். அதில் இடம் நிறைந்ததும் எதை நீக்குவது என்பதே சிக்கல். இனி மிகத் தாமதமாகக் கேட்கப்படப் போவதை நீக்குவதே உகந்தது என்று, கணினி நினைவகத்தை முன்வைத்து, ஐபிஎம் ஆய்வாளர் லாஸ்லோ பெலாடி 1966-இல் எழுதினார். எதிர்காலத்தை யாரும் அறிய முடியாது என்பதால், நெடுநேரம் கேட்கப்படாததை நீக்கும் எல்ஆர்யூ விதி பரவலாக நிலைத்தது. அந்த எதிர்காலத்தைக் கணிக்கத்தான் இயந்திரக் கற்றல் வருகிறது. ஒரு கோப்பு இதுவரை எந்தெந்த இடைவெளியில் கேட்கப்பட்டது, அதன் அளவு என்ன என்பவற்றைக் கொண்டு அடுத்த கோரிக்கை எப்போது வரும் என்று கணித்த பிரின்ஸ்டன் ஆய்வு (2020), உண்மையான இணையப் போக்குவரத்துப் பதிவுகளில் நெடுந்தொலைவுத் தரவுப் போக்குவரத்தை 4 முதல் 25 விழுக்காடு வரை குறைத்துக் காட்டியது. யூடியூப் கையாளும் முறை இன்னும் சிக்கனமானது: நீக்கத் தகுந்த சிலவற்றை எளிய விதி பொறுக்கித் தர, அவற்றுள் எதை நீக்குவது என்பதை மட்டும் இயந்திரக் கற்றல் தீர்மானிக்கிறது. உச்ச நேரத்தில் கேச்சில் கிடைக்காமல் போகும் தரவு இதனால் சராசரியாக 9.1 விழுக்காடு குறைந்ததாக அதை உருவாக்கியவர்கள் 2023-இல் அறிவித்தனர்.

கற்றலே இல்லாமலும் நிறையச் சாதிக்கலாம் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. இணையதளங்களின் உள்ளடக்கத்தைக் கேச் சர்வர்கள் வழியே வழங்கும் ஆகமாய் நிறுவனத்தின் சர்வர் தொகுதி ஒன்றில், கேட்கப்பட்டவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒரே ஒரு முறைதான் கேட்கப்பட்டது. இரண்டாம் முறை கேட்டால் மட்டுமே சேமிப்பது என்ற ஒற்றை விதியால் சேமிப்பு வட்டில் (டிஸ்க்) எழுதும் வேலை 44 விழுக்காடு குறைந்தது.

முடிவு நாளுக்கு வருவோம். பதிவெண்ணும் பிறந்த தேதியும் கொடுத்துப் பெறும் மதிப்பெண் பக்கம் ஒவ்வொரு மாணவருக்கும் தனி. அந்த ஒரு வீட்டைத் தவிர வேறெவரும் அதைக் கேட்கப் போவதில்லை. கணிப்பதற்கு அங்கே பழைய பதிவும் இல்லை. முகப்புப் பக்கமும் சின்னங்களும் எல்லோருக்கும் பொதுவானவைதாம். அவற்றைத் தக்கவைக்க எல்ஆர்யூவே போதும். திணறுவது பெரும்பாலும் பின்னாலுள்ள தரவுத்தளம். முடிவுகளை முந்தைய இரவே மாணவர் வாரியாகச் சிறு கோப்புகளாக்கிப் பல சர்வர்களில் பூட்டி வைத்து, குறித்த நேரத்தில் திறந்துவிட்டால் தரவுத்தளத்தைத் தொடவே வேண்டியதில்லை. இதற்கான செலவும் குறைவே.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.