எலுமிச்சைச் செடியில் நகரும் எச்சம்

அன்பு மகள் தேனுவுக்கு,

நானும் அம்மாவும் நலம். மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. வியாழக்கிழமை நானே அடித்தபோது ஆதிதான் எடுத்தான். அப்பா இன்னும் டூரில்தான் இருக்கிறார் என்றான். சரிடா என்றேன். அடுத்த மூச்சிலேயே, “தாத்தா, எங்க எலுமிச்சைச் செடியில காக்கா எச்சம் நகருது” என்றான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. பங்குனி, சித்திரையில் செடி துளிர்க்கும்போது தாய்ப்பூச்சி தளிருக்கு ஒன்றாக முட்டை வைத்துவிட்டுப் போகும். வெளிர்மஞ்சளாக, குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். மூன்று நான்கு நாளில் பொரியும். அந்தக் கருப்பும் வெள்ளையும் குருவியை ஏமாற்ற. நான்காவது தடவை தோல் உரித்ததும் ஒரேயடியாகப் பச்சையாகிவிடும். ‘வேற புழு வந்துடுச்சு’ என்பான். உடனே திருத்தாதே. உரித்த தோலை அதுவே தின்றுவிடும், தலை ஓடு மட்டும் மிஞ்சும். கீழே விரித்த காகிதத்தில் அதைத் தேடச் சொல். கிடைத்தால் அவனே புரிந்துகொள்வான்.

புழுவை வளர்க்க ஐந்து லிட்டர் தண்ணீர் கேனின் மேல்பாகத்தை வெட்டிவிடு. அடியில் காகிதம். சின்ன மருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சைக் கொம்பைச் செருகி, பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக்கி அடை. பஞ்சு இல்லையென்றால் புழு கொம்பு வழியே இறங்கித் தண்ணீரில் விழுந்து செத்துவிடும். கேன் வாயைப் பழைய வேட்டித் துணியால் மூடி ரப்பர் பேண்டு போடு. கொசுவலை போதாது, கடுகளவு குளவிகள் அதில் நுழைந்துவிடும். வெயில் நேராக விழும் இடத்தில் வைக்காதே. ஒரு கேனுக்கு இரண்டு புழு, அதற்கு மேல் வேண்டாம். காகிதத்தைத் தினமும் மாற்று. புழுக்கை தேங்கி ஈரமானால் பூஞ்சை பிடிக்கும்.

எந்த இலையில் கிடைத்ததோ அதையே கொடு. பாதியில் கறிவேப்பிலைக்கு மாற்றினால் பட்டினி கிடந்தாலும் கிடக்கும். கடையில் வாங்கிய இலை வேண்டவே வேண்டாம். மருந்தடித்த இலை, கழுவினாலும் நம்ப முடியாது. தொட்டிச்செடியின் இலை தீர்ந்துவிடுமோ என்று பயப்படாதே. மொட்டையானாலும் துளிர்த்துவிடும்.

தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவட்டை நீட்டும், அழுகிய பழ வாடை வரும். எறும்பை விரட்ட வைத்திருக்கும் ஆயுதம் அது. பையனைக் கடிக்காது. ஒருமுறை காட்டினால் போதும், வேடிக்கைக்காகத் தினமும் சீண்ட விடாதே. தோல் உரிக்கும் முன் ஒரு நாள் அசையாமல் கிடக்கும். நோய் என்று நினைத்து எடுத்து வேறு இலையில் விட்டுவிடாதே, கெட்டுப்போவது பாதி அங்கேதான்.

யு.கே.ஜி. பிள்ளைக்கு எழுத வராது, எண்ண வரும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் காலையில் ஓர் இலையை வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரையச் சொல். மாலையில் மிச்சத்தை அதே கோட்டுக்குள் வைத்துத் தின்ற கட்டங்களை எண்ணச் சொல். முதல் வாரம் ஒன்று, இரண்டு. பச்சையான பிறகு எண்ணி மாளாது. இதைவிட நல்ல கணக்குப் பாடம் எனக்குத் தெரியாது. ‘என்ன கத்துக்கிட்ட’ என்று மட்டும் கேட்காதே. நீயும் அந்தப் பத்து நிமிடம் கூட உட்கார். உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததைப் பெரியம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தேன். நீ சொல்லியிருக்கலாம்.

தின்பதை நிறுத்தி, தண்ணீராகக் கழிந்து, கேன் முழுக்க அலைந்தால் கூடு கட்டப்போகிறது என்று அர்த்தம். பென்சில் கனத்தில் சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்த்து வை. இடுப்பில் ஒரு பட்டு நூல் கட்டிச் சாய்ந்து நிற்கும். கூடு பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும், சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. எட்டு பத்து நாள். முந்தின நாள் கருத்து, இறக்கைப் புள்ளி தெரியும். பெரும்பாலும் காலையில்தான் வெளிவரும். வந்ததும் தொங்க இடம் வேண்டும். வழுக்கும் பிளாஸ்டிக்கில் விழுந்தால் இறக்கை சுருங்கியபடியே காய்ந்துவிடும். செம்பழுப்பாகச் சொட்டுவது ரத்தமில்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. இரண்டு மணி நேரம் கழித்து விடுங்கள். பஞ்சு மறக்காதே.

சில கூடு திறக்காது. தொட்டால் நெளியாது, எடை இருக்காது, ஓரத்தில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை இருக்கும். உள்ளே குளவி தின்று வளர்ந்து வெளியேறியிருக்கும்.

மூன்றாம் வகுப்பில் நீ வளர்த்தது அப்படித்தான் போனது, தேனு. பன்னிரண்டாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன், ஓட்டை இருந்தது. நீ அழுவாயே என்று கிணற்றடி நாரத்தையிலிருந்து வேறொரு கூட்டை எடுத்து அதே குச்சியில் நூலால் கட்டிவைத்தேன். நீ பேர் வைத்துக் கூப்பிட்டு அனுப்பிவிட்டது அதைத்தான். ‘கண்டதை அப்படியே எழுது’ என்று ஊர்ப் பிள்ளைகளிடம் முப்பது வருஷம் சொன்னவன் வீட்டில் செய்த காரியம் இது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

ஆதியிடம் எதையும் மாற்றி வைக்காதே. ஓட்டையைக் காட்டு, அழுதால் அழட்டும். குளவிக்கும் அதுதான் சாப்பாடு என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னால் கேட்பான்.

ஊர்க் கோயில் கொடை வைகாசியில். ரயில் டிக்கெட் நானே போடுகிறேன். மூன்று பேருக்கா, இரண்டு பேருக்கா என்று மட்டும் எழுது. இரண்டு என்றாலும் நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

பஞ்சு வைத்தாயா?

அன்புடன்
அப்பா