கிராண்ட் பே: கார்களை ஊரின் வாசலில் நிறுத்துவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தீவின் வடகரையில் உள்ள கிராண்ட் பே ஊரின் வாகன நெரிசலைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நெரிசலை விவரித்த பகுதிகள் அனைத்தும் உண்மையே. ஆனால் கடற்கரையை ஒட்டி இன்னொரு பெரிய வாகன நிறுத்துமிடம் அமைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற முடிவை, இவ்வூரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருப்பவளும் ஓய்வுபெற்ற தமிழாசிரியையுமான என்னால் ஏற்க இயலவில்லை. கடலோரத்தில் இடம் கூடக்கூட அங்கே வந்து சேரும் கார்களும் கூடிக்கொண்டேதான் போகும்.

மொரீசியஸ் தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 12.6 லட்சம், பதிவான வாகனங்கள் 6 லட்சத்தைத் தாண்டிவிட்டன. இவற்றோடு 2019ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 13.8 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்து சென்றார்கள். ஒரு கார் நிற்பதற்கும், உள்ளே வந்து திரும்பி வெளியேறுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 25 சதுர மீட்டர் நிலம் தேவைப்படுகிறது. அப்படியானால் நூறு கார்களுக்கு அரை அர்ப்பானுக்கும் (நம் தீவின் நில அளவான ஓர் அர்ப்பான் சுமார் 4,220 சதுர மீட்டர்) அதிகமான நிலம் வேண்டும். கடலோரத்தில் அரை அர்ப்பான் என்ன விலை என்பதும், அதற்காக எத்தனை சவுக்கு மரங்களை வெட்ட வேண்டியிருக்கும் என்பதும் இங்கு வாழ்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவும் கொடுத்த பிறகும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நூறு இடங்களும் நிரம்பிவிடும். நூற்றோராவது கார் பழையபடி ஊரின் முதன்மைச் சாலையான ராயல் ரோட்டின் ஓரத்தில் வந்து நிற்கும்.

அந்த ஓரத்தில் நிற்கும் கார்களால் விளைவது வெறும் தாமதமன்று. சென்ற டிசம்பரில் எங்கள் சந்தில் ஒரு மூதாட்டி வழுக்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் சந்தின் முனை வரை வந்து சேர்ந்தது. இருபுறமும் கார்கள் நின்றிருந்ததால் அதற்குமேல் உள்ளே வர முடியவில்லை. ஊழியர்கள் தள்ளுபடுக்கையைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்து, அந்த அம்மையாரைச் சுமந்து சென்றார்கள். அவர் பிழைத்துக்கொண்டார் என்பது கடவுளின் அருள். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் நாங்கள் பட்ட பாட்டை, ஒரு நாள் கடலில் குளித்துவிட்டுப் போக வருபவர்கள் அறிய வாய்ப்பில்லை.

எங்கள் ஊரின் நெரிசலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதைக் கவனிக்காமல் எந்தத் திட்டமும் பயன் தராது. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு, நம் கட்டுமரத்தின் பெயரையே தாங்கிய கேட்டமரான் படகுகளில் வட தீவுகளுக்குச் செல்லும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஹோட்டல் வேன்கள் ஒரே நேரத்தில் வந்து குவிகின்றன. பயணிகள் படகேறிய பின் அந்த வேன்கள் போய்விட்டால் கவலையில்லை. பலவும் மாலை நான்கு மணி வரை கடைகளின் எதிரிலேயே நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் உறவுகளும் சட்டி பானைகளும் மத்தளமுமாக ஒரு பேருந்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வரும் நம் தீவின் குடும்பங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரே வண்டியில் நாற்பது ஐம்பது பேர் வருகிறார்கள். சாலையை மிகச் சிக்கனமாகப் பயன்படுத்துபவர்கள் அவர்கள்தாம். காருக்கு ஒருவர் இருவராக வருவதுதான் ஊரை அடைக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. எம்-2 நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் முனையை ஒட்டி, கரும்பு வயல்கள் இருக்கும் பக்கமாக, வெளியூர்க் கார்களுக்கும் காத்திருக்கும் வேன்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். அங்கிருந்து கடற்கரைக்கும் பக்கத்து ஊரான பெரேபேருக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு சிற்றுந்து ஓட வேண்டும். அது இரவு பதினொரு மணி வரை ஓடுவது இன்றியமையாதது, ஏனெனில் இருட்டிய பிறகு இங்கிருந்து பேருந்து கிடைப்பது அரிது. உணவகங்களில் வேலை செய்யும் இளைஞர்களும், வேறு வழியின்றித்தான், கார் அல்லது மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். தலைநகர் போர்ட் லூயியிலிருந்து தெற்கே கியூர்பிப் வரை 2022இல் நீட்டிக்கப்பட்ட மெட்ரோ ரயில் வடக்கே எங்கள் பக்கம் வரவில்லை. எங்களுக்கு இருப்பது சாலை ஒன்றுதான். 2005 முதல் முதியோருக்கும் மாணவருக்கும் பேருந்தில் இருந்துவரும் இலவசப் பயணம் இந்தச் சிற்றுந்துக்கும் பொருந்த வேண்டும்.

கடைக்காரர்கள் இதனால் வியாபாரம் குறையும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் கடையின் எதிரே ஒரே வண்டி எட்டு மணி நேரம் நின்றால் அந்த இடம் ஒரு வாடிக்கையாளருக்குக்கூடப் பயன்படுவதில்லை. ஒரு மணி நேரம் என்று வரம்பு வைத்தால் எட்டுப் பேர் வந்து போகலாம். தலைநகரில் கூப்பன் வாங்கி வண்டி நிறுத்தும் கட்டண முறை அலுவலக நேரத்தை மனத்தில் வைத்து அமைந்தது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பலனில்லை. எங்களுக்கு நெருக்கடி மாலையிலும் வார இறுதியிலும்தான். கட்டணமும் அப்போதுதான் இருக்க வேண்டும். அந்தப் பணம் சிற்றுந்துக்கே செலவாக வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்குள் வெளியூர்க் கார்கள் நுழைவதில்லை. ஐந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயிலில் செல்கிறார்கள். எண்ணூறு பேர்கூட வசிக்காத ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் சுற்றுலாப் பேருந்துகள் 2020 முதல் முன்பதிவு செய்த நேரத்தில்தான் வர முடியும். செர்மாட்டைப் போல நாம் முழுவதுமாக அடைக்க முடியாது, ஏனெனில் நம் கடற்கரைச் சாலைதான் தீவின் வடமுனையில் உள்ள காப் மாலேரூ ஊருக்கும் வழி. ஆனால் ஹால்ஸ்டாட்டின் முன்பதிவு முறையைப் படகுத் துறைக்கு வரும் வேன்களுக்கு நாளையே கொண்டுவரலாம்.

இவையெல்லாம் நம் மக்களின் பழக்கத்துக்கு ஒவ்வாது என்பவர்கள் தைப்பூசக் காவடி நாளை நினைத்துப் பார்க்கட்டும். அன்று காவல்துறை சாலைகளை மாற்றிவிடுகிறது. தொலைவில் வண்டியை விட்டுவிட்டு, தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை நடந்தே கோயிலுக்கு வருகிறோம், யாரும் முணுமுணுப்பதில்லை. எங்கள் ஊரின் சூர்ய உதய சங்கம் கோயிலுக்கு மற்ற நாள்களில் வரும் முதியவர்கள் மட்டும் வாயில் வரை வண்டியில் வந்து இறங்க இடம் வேண்டும். இந்த ஒரு விலக்கை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நவம்பரில் பள்ளி விடுமுறை தொடங்கும் முன், மூன்று மாதங்களுக்கு ஞாயிறு தோறும் இதைச் சோதனையாக நடத்திப் பார்க்குமாறு ஊராட்சியினரை உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பெரேபேர், ட்ரூ ஓ பிஷ் பகுதிகளில் வசிக்கும் வாசகர்களும் தங்கள் தெருக்களில் எந்த நேரத்தில் எங்கே அடைபடுகிறது என்று எழுதினால், சிற்றுந்தின் தடத்தை வகுப்பதற்கு அது உதவும்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
கிராண்ட் பே, மொரீசியஸ்